அளவாத்தான் ஏத்தினேன்

அந்தப் பகுதியில் வீடு மாறுகிறவர்களும் வீடு கட்டுகிறவர்களும் வண்டி தேடும்போது முதலில் கேட்கிற கேள்வி, "ஒரேநடை இருக்காரா?" என்பதுதான். பிக்கப் வண்டி வைத்திருந்த அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் ஒரேநடை. நாற்பத்தெட்டு வயதாகிக் காதோரம் நரைத்ததும் மரியாதைக்கு ஒரு 'யார்' சேர்த்து ஒரேநடையார் ஆக்கினார்கள். கூப்பிட்டவர்கள் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். இவர்தான் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

பெயர் வந்த கதையை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். யாரோ ஒரு குடும்பம் வீடு மாறியது. வந்து பார்த்த வண்டிக்காரர்கள் எல்லாம் மூன்று நடை ஆகும் என்றார்கள். இவர் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று சுற்றிவந்து, "ஒரே நடை" என்றார். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், அதன் மேல் மெத்தை, அதற்கும் மேல் பூந்தொட்டிகள். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு வீட்டுக்காரரின் மாமனார் தன் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவரையும் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்துக் கயிறு கட்டி, ஊர்வலம் மாதிரி கொண்டுபோய் இறக்கினார். கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மனிதரைக் கெடுத்தது என்று நான் சொல்வேன்.

அவர் சோம்பேறி இல்லை. குடிக்க மாட்டார். வாடகையில் ஏமாற்ற மாட்டார். கண்ணாடிச் சாமானை ஏற்றினால் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி வைப்பார். அவருக்கு இருந்த ஒரே வியாதி, இரண்டாம் நடை என்றால் மானம் போய்விட்டதாக நினைப்பது. "இன்னொரு தடவை வந்து எடுத்துக்கலாமே" என்று யாராவது நல்ல எண்ணத்தில் சொன்னால்கூட முகம் சிவந்துவிடும்.

அவருடைய வண்டி ஆயிரத்து முந்நூறு கிலோ தாங்கும். அதை நானோ நீங்களோ சொல்லத் தேவையில்லை, கதவைத் திறந்தால் ஒரு தகட்டில் எழுதியே இருந்தது. ஓட்டுகிறவர், பக்கத்தில் உட்கார்கிறவர் எல்லாரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பின்னால் எதையாவது கொக்கியில் மாட்டி இழுத்தால், கொக்கியின் மேல் அழுத்துகிற எடையும் அதில்தான் கழியும். இழுக்கிற சாமானுக்குச் சொந்தமாக பிரேக் இல்லையென்றால் வரம்பு இன்னும் சிறியது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெரியாமல் என்ன!

அளவு மீறி ஏற்றினால் வண்டி பின்பக்கம் தாழும், மூக்கைத் தூக்கும். பார்க்கிறவனுக்கும் தெரியும், ஓட்டுகிறவனுக்கும் பயம் வரும். ஒரேநடையாருக்கு அந்தப் பயம் பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டு, பின்சக்கர ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு மூன்று பட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டு வந்தார். அதன்பிறகு இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி தாழவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வண்டியின் பலமே இரண்டு மடங்கு ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவியின் தம்பி மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி சிறிய பட்டறை, பிரேக் வேலையில் கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தவன். பள்ளிக்கூட வேன்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள். பிரேக் பார்த்த வண்டியை அவனே ஒரு தடவை மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டான். புதுப் பட்டைகளைப் பார்த்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமா, பட்டை பாரத்தைத் தாங்கும். நிறுத்துறது யாரு? பிரேக் அதே பிரேக்தான், டயர் அதே டயர்தான், அச்சு அதே அச்சுதான். முன்னாடி வண்டி தாழ்ந்து உங்ககிட்ட 'போதும்'னு சொல்லிட்டிருந்துச்சு. இப்ப அது வாயையும் கட்டிட்டீங்க."

"போடா மாப்ள, இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"பாடம் இல்ல மாமா. எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பேச்சு அத்தோடு விட்டுப்போகவில்லை. கொஞ்ச நாளில் பிரேக் ஷூ தேய்ந்துபோய் ஒரேநடையார் வண்டியை மைத்துனனிடம் கொண்டுவந்து விட்டார். அவன் பழையதைக் கழற்றிப் புது ஷூ மாட்டினான். ஷூவுக்கு மேல் வருகிற ட்ரம்மை மூடுகிற நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"இனிமே அளவுக்கு மேல ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. அப்பதான் மூடுவேன்."

"என்னடா சின்னப்பிள்ளை மாதிரி?"

"என் வேலை இது மாமா. நான் மாட்டுன பிரேக் நாளைக்கு எவனையாவது அடிச்சா நான் எப்படித் தூங்குவேன்? பண்ணுங்க. அக்கா மேல பண்ணுங்க."

ஒரேநடையார் சிரித்தார். ஆனாலும் மைத்துனன் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து, பானெட்டின் மேல் கையை வைத்து, "உங்க அக்கா மேல சத்தியம். இனிமே அளவாத்தான் ஏத்துவேன். போதுமா?" என்றார். போதும் என்று அவன் ட்ரம்மை மூடினான். பாவம், நம்பிவிட்டான்.

சரியாகப் பதினான்காம் நாள். மேட்டுத் தெருவில் வேலை முடித்திருந்த ஒரு மேஸ்திரி, மிச்சமிருந்த சாமான்களை ஊரின் மறுகோடியில் தொடங்கப்போகும் வேலைக்கு மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டனுப்பினார். அறுபது பெட்டித் தரை ஓடு, பத்து மூட்டை சிமெண்டு, அத்தோடு இரண்டு சக்கரம் வைத்த கலவை மிஷின். ஒரேநடையார் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவந்தார். சத்தியம் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது.

"ஓடு மட்டும் இன்னைக்கு எடுத்துட்டுப் போங்க. அதையும் ரெண்டாப் பிரிச்சுக்கங்க. மிஷினை நாளைக்குப் பார்த்துக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல" என்று மேஸ்திரியே சொன்னார்.

இதைக் கேட்டு அங்கே நின்ற கூலியாட்களில் ஒருவன், "என்னண்ணே, இன்னைக்கு ஒரேநடைக்கு ரெண்டு நடையா?" என்று பல்லைக் காட்டினான். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கையைப் பிடித்து முறுக்கவில்லை. ஒரு பயல் பல்லைக் காட்டியதற்காக இந்த மனுஷர் மனைவி மேல் செய்த சத்தியத்தைத் தூக்கி எறிந்தார். "ஏத்துங்கடா மொத்தத்தையும்" என்றார். மிஷினைக் கொக்கியில் மாட்டினார். இறக்கிவைக்க மேஸ்திரியின் ஆள் ஒருவன் முன்னால் ஏறிக்கொண்டான். வண்டி தாழவே இல்லை.

மேட்டுத் தெரு வளைந்து வளைந்து இறங்கும். பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து மிஷின் நெட்டித் தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தினார், பிடித்தது. மறுபடி அழுத்தினார், கொஞ்சம் பிடித்தது. அப்புறம் ஒரு தீய்ந்த வாடை வந்தது. அந்த வாடை அவருக்குப் புதிதில்லை. இதே இறக்கத்தில், இதைவிடக் குறைந்த பாரத்தோடு வந்த இரண்டு தடவை அதை முகர்ந்திருக்கிறார். ஓரமாக நிறுத்தி, டீ குடித்து, ஆறவிட்டு ஓட்டியிருக்கிறார். இந்தத் தடவை நிறுத்த முடியவில்லை. பெடல் அடிவரைக்கும் போனது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. கியரைக் குறைத்தார், ஹாரனை அலறவிட்டார். அடிவாரத்தில் தெரு முட்டுகிற இடத்தில் ஒரு தையல்கடை. ஸ்டியரிங்கைச் சுவர்ப்பக்கம் ஒடித்ததால் கடைக்குள் நேராகப் போகவில்லை. வாசல் தூணை இடித்து, வாசலில் இருந்த தையல் மிஷினைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது.

மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் வலது கை மணிக்கட்டில் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தையற்காரிக்கு வலது கைதானே எல்லாம்?

கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மா இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலியிலும் கோபத்திலும், "என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினாள். ஒரேநடையார் இறங்கி, "பிரேக் போயிடுச்சும்மா" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அது பயத்தில் வந்த வார்த்தை என்று மன்னிக்கலாம். அவர் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்: "ரெண்டு வாரம் முன்னாடிதான் புதுசா மாட்டுனது." இது பயத்தில் வரவில்லை. யோசித்து, தன்மேல் விழ வந்ததை இன்னொருவன் தலையில் இறக்கிவைத்த வார்த்தை இது.

மேஸ்திரி ஆட்களோடு ஓடிவந்தார். வண்டியைச் சுவரிலிருந்து பிரிக்க வேண்டும் என்று சொல்லிப் பாரத்தை இறக்கினார்கள், உடைந்த ஓடுகளைக் கூட்டி அள்ளினார்கள், கலவை மிஷினைக் கழற்றி அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். விசாரிக்க வந்த அதிகாரி பார்க்கும்போது பாதிக்கும் குறைவான பாரம்தான் இருந்தது. பிரேக் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார். மேஸ்திரி ஒரேநடையாரின் காதோரம் வந்து, "நான் வாயைத் திறக்க மாட்டேன், நீங்களும் திறக்காதீங்க" என்றார். இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று.

பட்டறைக்குப் பக்கத்தில் பஞ்சர்க் கடை வைத்திருந்தவர் ஒரு நடமாடும் ஒலிபெருக்கி. அவர் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் பத்துத் தெருவுக்குப் போய்விடும். இதுவும் போனது. "சொந்த அக்கா புருஷன் வண்டிக்கே இந்த வேலைன்னா நம்ம வண்டிக்கு எப்படி இருக்கும்?" முதலில் போனது பள்ளிக்கூட வேன்கள். குழந்தைகளை ஏற்றுகிறவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் ஆட்டோக்கள். ஒரு மாதத்தில் பட்டறை வாசலில் நிறுத்த இடமில்லாமல் இருந்த நிலை மாறி, பூனை படுத்துத் தூங்க ஆரம்பித்தது.

மைத்துனன் வேறு யாராவதாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பான். இவன் என்ன செய்தான் தெரியுமா? இடிபட்ட வண்டியைத் தானே இழுத்துக்கொண்டுபோய், தன் சொந்தச் செலவில் சரிசெய்தான். ட்ரம்மைத் திறந்தால் ஷூ கருகிப்போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரேநடையாரிடம் வந்தான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. கேட்டே ஆகணும். அன்னைக்கு அளவாத்தானே ஏத்தியிருந்தீங்க?"

நல்ல சந்தர்ப்பம். வீட்டு வாசலில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒரேநடையார் வாயைத் திறந்தார். உள்ளே மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அளவாத்தான் ஏத்தினேன். உங்க அக்கா மேல சத்தியம் பண்ணிட்டு மீறுவேனாடா?"

அவன் முகம் விழுந்துவிட்டது. கருகிய ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான்தான் இறுக்கமா வச்சுட்டேன் மாமா. உரசி உரசியே சூடாகியிருக்கு. பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி ஆனதில்ல. எப்படி விட்டேன்னே தெரியல" என்றான். "என்னை மன்னிச்சிருங்க மாமா. உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அக்கா முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?"

மன்னிப்புக் கேட்டான்! இவரிடம்! ஒரேநடையாருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. ஆனாலும் அவர் என்ன செய்தார், அவன் தோளைத் தட்டி, "விடு மாப்ள, யாருக்கும் வர்றதுதான்" என்றார். அந்தத் தோள்தட்டலை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவர் பட்ட பாட்டை எழுத இடம் போதாது. குளிக்கும்போது ஞாபகம் வரும், வாய்விட்டு 'ச்சீ' என்பார். சாப்பாட்டில் கை வைக்கும்போது வரும், கை அப்படியே நிற்கும்.

அவர் மனைவிக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்க முடியாது. தம்பியைக் கூப்பிட்டுத் தெருவே கேட்கக் கிழித்தெடுத்தாள். "உன் வேலையை நம்பி உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறாரு என் புருஷன். நீ விளையாட்டா பிரேக் மாட்டுறியா?" அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. அவன் ஃபோன் செய்தால் கடித்துக் குதறுவாள், இல்லாவிட்டால் எடுக்க மாட்டாள். புருஷனுக்கு மட்டும் உபசாரம். "நீங்க பயந்துபோயிருக்கீங்க, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று தட்டில் போடுவாள்.

வெளியில் பார்த்தால் ஒரேநடையார் ஒழுங்காகிவிட்டார். இப்போது உண்மையாகவே அளவோடு ஏற்றினார். ஓடு என்றால் பெட்டியை எண்ணி ஏற்றினார், கொக்கியில் ஒன்றும் மாட்டவில்லை, இரண்டு நடை என்றால் இரண்டு நடை. 'அடி பட்டதும் மனுஷன் திருந்திட்டாரு' என்று மக்கள் மெச்சினார்கள். அந்த மெச்சல் வேறு உடம்பில் தேள் கொட்டின மாதிரி இருந்தது. மேட்டுத் தெருப் பக்கம் போகாமல் மூன்று மைல் சுற்றிப் போனார்.

இரண்டு மாதம் ஆன ஒரு காலையில் அந்தச் சுற்றுப்பாதையைக் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மேட்டுத் தெருவில் இறங்கி அடிவாரத்துக்கு வந்தார். தையல்கடை வாசலில் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். குனிந்து ஷட்டரைத் தூக்கினான். உள்ளே போய் மிஷினைத் துடைத்து வெளியே இழுத்து வைத்தான், தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்தான், தரையைப் பெருக்கினான். அந்த அம்மா கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து வசைபாடிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா இழுடா! கையை உடைச்சது பத்தாதுன்னு மிஷினையும் உடைக்காதே. உன்னையெல்லாம் எவன் மெக்கானிக்குன்னு சொன்னான்?"

"என் தப்புதாம்மா. சாயங்காலம் வந்து ஷட்டரை இறக்கி விடறேன். ஆறு மணிக்கு வரட்டுமா?"

"ரெண்டு மாசமா ஆறு மணிக்குத்தானே வர்ற, அதுக்கு என்ன கேள்வி!"

ஒரேநடையார் வண்டியை நிறுத்தவில்லை. மைத்துனன் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டு கடந்து போனார். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதார். அழுது முடித்ததும் நேராகப் போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கதையில் அவருக்கு ஒரு நல்ல பெயர் மிஞ்சியிருக்கும். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு லோடு ஏற்றப் போனார். அன்றைக்குச் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் காறித் துப்பும். அதுகூடப் பரவாயில்லை, மனைவிக்கு என்ன பதில் சொல்வது? அவள் மேல் செய்த சத்தியத்தை எந்த வாயால் எடுத்துச் சொல்வது?

அதே வாரக் கடைசியில் மைத்துனனே ஃபோன் செய்தான்.

"மாமா, பட்டறையை மூடப் போறேன். ஒரு குடோன்ல ஸ்டோர் பார்க்கிற வேலை கிடைச்சிருக்கு. சாமானையெல்லாம் ஒருத்தர் எடுத்துக்கறேன்னுட்டார். உங்க வண்டி கிடைக்குமா?"

"ஏன்டா மூடுற? கொஞ்ச நாள் போனா சரியாயிடும்."

"வேலை வராததுக்காக இல்ல மாமா. நேத்து ஒருத்தர் புதுசா வந்தாரு. ட்ரம்மைக் கழட்டிட்டேன். திருப்பி மாட்ட கை வரல. மூணு தடவை மாட்டி மூணு தடவை கழட்டினேன். கடைசியில வேற இடத்துக்குப் போங்கன்னு அனுப்பிட்டேன்."

ஒரேநடையார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பட்டறை வாசலில் தொங்கிய பலகையில் 'பிரேக்' என்ற எழுத்தின் மேல் சாம்பல் நிறப் பெயிண்ட் பூசியிருந்தது. சாமான்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. காற்றடிக்கிற கம்பரசர், துளைபோடுகிற மிஷின், இரண்டு ஜாக்கி, இரும்பு அலமாரி, அதன் நிறைய ஸ்பேனர்கள். பஞ்சர்க் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கியபடி வேடிக்கை பார்த்தார். "அட, நம்ம ஒரேநடையார்! மொத்தத்தையும் ஒரே அமுக்கா அமுக்கிடுவாரு, பாருங்க" என்றார்.

மைத்துனன் அவசரமாகக் கையை ஆட்டினான்.

"வேண்டாம் மாமா, ரெண்டு நடையாப் போவோம். கம்பரசர் மட்டுமே நானூறு கிலோ வரும். அளவாவே ஏத்துவோம். இத்தனை நாள் சத்தியத்தைக் காப்பாத்திட்டு வர்றீங்க. என் சாமானால அது உடைய வேண்டாம்."

ஒரேநடையார் ஜாக்கியைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றார். வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அன்னைக்கு நான் அளவா ஏத்தல."

"என்னைக்கு?"

"அன்னைக்குத்தான்டா. அறுபது பெட்டி ஓடு. பத்து மூட்டை சிமெண்டு. பின்னால கலவை மிஷின் மாட்டியிருந்தேன். உன் பிரேக் போகலடா. பாதி இறக்கத்துலயே தீய்ஞ்ச வாடை வந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்மேல போட்டேன்."

டியூபைப் பிழிந்துகொண்டிருந்த பஞ்சர்க் கடைக்காரரின் கை நின்றது. அவர் எழுந்துகூட வரவில்லை, அப்படியே குந்தியபடி வாயைப் பிளந்தார். பத்துத் தெருவுக்கும் போய்ச்சேரும் என்பது ஒரேநடையாருக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்.

மைத்துனன் அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"பெட்டி எத்தனை கிலோ?"

"முப்பது."

"ஆயிரத்து எண்ணூறு. சிமெண்டு ஐந்நூறு. நீங்க தனியாவா இருந்தீங்க?"

"பக்கத்துல ஒரு ஆள்."

"மிஷின் என்ன சைஸு? ஒரு தடவைக்கு ரெண்டு மூட்டை கலக்குறதா? அது எண்ணூறு வரும். அதுக்கு பிரேக் கிடையாதே." அவன் எழுதினான், கூட்டினான், அடியில் கோடு போட்டான். மூன்றேகால் டன் வந்தது. எண்ணை இரண்டு தடவை படித்தான்.

"மூணேகால் டன்னு," என்றான். "அதைப் பாதி இறக்கம் வரைக்கும் பிடிச்சிருக்கு மாமா. என் பிரேக் பிடிச்சிருக்கு!"

சொல்லிவிட்டு அவன் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சந்தோஷத்தில் அழுகிறானா ஆத்திரத்தில் அழுகிறானா என்று ஒரேநடையாருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய்த் தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. மன்னிச்சிடுடா என்று சொல்ல நினைத்தார். அந்த வார்த்தையை இவன் ஏற்கெனவே தன்னிடம் சொல்லி, தானும் அதை வாங்கிக்கொண்டது ஞாபகம் வந்ததும் நாக்கு எழும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மைத்துனன் எழுந்து குழாயடியில் முகம் கழுவினான். பனியன் முனையால் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த ஸ்பேனர்களை அள்ளித் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தான். ஒரேநடையார் அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தார்.

"நீங்க தொடாதீங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பஞ்சர்க் கடைக்காரர் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தார். அவருக்கும் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒரேநடையார் காலி வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். போகச் சொன்னால் போயிருப்பார். யாரும் சொல்லவில்லை.

கடைசி ஜாக்கியையும் வைத்துவிட்டு மைத்துனன் வெளியே வந்தான்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு தையல்கடைக்கு வாங்க. நான் ஷட்டரைத் தூக்கும்போது அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லணும். ரெண்டு மாசமா திட்டு வாங்கினது எனக்குப் பெரிசில்ல. யாரைத் திட்டணும்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

"வர்றேன்டா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

ஒரேநடையார் தலையை ஆட்டினார். தெரியாது.

மைத்துனன் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினான். எதிர்முனையில் மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் அதை அவர் கையில் வைத்தான். "அவ எடுத்தா எடுக்கட்டும். நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பலகையைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்ட ஏணியை எடுக்கப் போனான்.

எடுக்க மாட்டாள் என்று ஒரேநடையார் நினைத்தார். எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். ஆறாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"எதுக்குடா கூப்பிடுற?" என்று வந்தது மனைவியின் குரல். தம்பி என்று நினைத்துக்கொண்டு பேசினாள். "உன்கூட என்ன பேச்சு எனக்கு? அந்த மனுஷன் ராத்திரி தூக்கத்துல பதறிப் பதறி எந்திரிக்கிறாரு. தட்டுல போட்டது அப்படியே இருக்கு. ரெண்டு மாசமா சிரிச்சு நான் பார்க்கல. நம்பின மனுஷனுக்கு இப்படிப் பண்ணிட்டு எப்படிடா உனக்குச் சோறு இறங்குது? கூடப் பொறந்தவன்னு பார்த்தேன். வெட்கமா இல்ல உனக்கு? சொல்லுடா, வெட்கமா இல்ல?"

அவள் மூச்சு வாங்க நிறுத்துகிறவரை அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "நான்தான் பேசறேன்" என்றார்.